348 வரிகள் ஏன்? தொடக்ககால கிராஃபிக்ஸ் அட்டைகளின் திரை எல்லைகள்

1980களின் தனிக் கணினிக் கையேடுகளைப் புரட்டினால் 320 × 200, 640 × 350, 720 × 348 என்று திரை அளவுகள் வரிசையாக வரும். 200 என்பது முழு எண் என்பதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. 348ஐப் பார்த்தால் 350 என்பதன் அச்சுப்பிழையோ என்று தோன்றும். ஆனால் அது பிழையன்று. 350 வரிகள் வேண்டும் என்று விரும்பிய ஒருவர், கையிலிருந்த சில்லின் கணக்குக்கு உட்பட்டு, இரண்டு வரிகளை விட்டுக்கொடுத்ததால் வந்த எண் அது. அக்காலத்துத் திரை அளவுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

நினைவகம் விலை உயர்ந்ததாக இருந்தது, அதனால் புள்ளிகளும் குறைவாக இருந்தன என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதிதான் உண்மை. நினைவகம் எவ்வளவு இருந்தது என்பதோடு, அதை எவ்வளவு விரைவாகப் படிக்க முடிந்தது, திரையை ஓட்டிய சில்லால் எத்தனை வரை எண்ண முடிந்தது, மானிட்டரின் மின்கற்றை ஒரு நொடியில் எத்தனை முறை குறுக்கே ஓடியது, கணினியின் செயலி அந்த நினைவகத்தை எந்தச் சாளரத்தின் வழியாகப் பார்த்தது என்று ஐந்து தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கணினிக்குள் செருகி மானிட்டருக்குப் படத்தை அனுப்பும் கிராஃபிக்ஸ் அட்டையின் ஒவ்வொரு தலைமுறையிலும் இவற்றில் எது மிகக் குறுகலாக இருந்ததோ அதுவே திரையின் அளவை முடிவு செய்தது.

முதலில் மின்கற்றை. பழைய படக்குழாயில் ஒரே ஒரு கற்றைதான் திரையை இடமிருந்து வலமாக வரி வரியாகத் தடவிச் செல்லும். வண்ணக் குழாயில் மூன்று கற்றைகள் சேர்ந்து அதே வேலையைச் செய்யும். வலது ஓரத்தை எட்டியதும் அது இடப்பக்கம் திரும்ப வேண்டும். அடிவரிக்கு வந்ததும் மேலே ஏற வேண்டும். இந்தத் திரும்பும் நேரத்தில் படம் எதுவும் வரையப்படுவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கற்றை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 15,700 வரிகளை ஓடியது. நொடிக்கு 60 முறை திரையை நிரப்ப வேண்டுமென்றால், ஒரு முறைக்கு 262 வரிகளுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி வரைந்து தொலைக்காட்சி அதை இரட்டிப்பாக்கிக் கொண்டது. ஆனால் அசையாத எழுத்துகளும் மெல்லிய கோடுகளும் அந்த முறையில் நடுங்கும் என்பதால் கணினிகள் பெரும்பாலும் அதைத் தவிர்த்தன.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் தனிக் கணினியை வெளியிட்டபோது அதனுடன் தந்த சிஜிஏ என்னும் வண்ண அட்டை, தொலைக்காட்சியின் இந்தத் தாளத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்வதில் பெரிய லாபம் இருந்தது: தனி மானிட்டர் வாங்க முடியாதவர் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே கணினியை இணைத்துக்கொள்ளலாம். கணினியின் தலைமைப் படிகம் 14.318 மெகாஹெர்ட்ஸில் துடித்தது. இது அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ண அலையான 3.58 மெகாஹெர்ட்ஸின் சரியாக நான்கு மடங்கு. அதே துடிப்பை மூன்றால் வகுத்துத்தான் செயலிக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ் தரப்பட்டது. ஆக, அந்தக் கணினியின் வேகமே தொலைக்காட்சியின் வண்ண அலைக்குக் கட்டுப்பட்டிருந்தது. இந்தத் துடிப்பில் ஒரு வரிக்கு 912 புள்ளிகளுக்கான நேரம் இருந்தது. கற்றை திரும்பும் நேரத்தையும், தொலைக்காட்சிச் சட்டகத்தின் விளிம்புக்குப் பின்னால் மறையும் ஓரங்களையும் கழித்தால் 640 புள்ளிகள் மிஞ்சின. அதுபோலவே 262 வரிகளில் மேலும் கீழும் விட்டுவிட்டு 200 வரிகள் மிஞ்சின. எட்டு வரி உயரமுள்ள எழுத்துகளை 25 வரிசைகளாக அடுக்கினால் சரியாக 200 ஆகிறது.

அடுத்தது நினைவகத்தின் அளவு. சிஜிஏ அட்டையில் 16 கிலோபைட் நினைவகம் இருந்தது. இன்று அற்பமாகத் தோன்றும் இந்த அளவின் மதிப்பை உணர ஓர் ஒப்பீடு போதும்: அந்தக் கணினியின் மிகக் குறைந்த விலை வடிவத்தின் மொத்த முதன்மை நினைவகமும் அதே 16 கிலோபைட்தான். திரைக்கு மட்டும் ஒரு முழுக் கணினிக்கு உரிய நினைவகத்தை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால், அது கஞ்சத்தனமான வடிவமைப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 640 × 200 திரைக்கு 16,000 பைட் வேண்டும். அகலத்தைப் பாதியாக்கி, புள்ளிக்கு இரண்டு பிட் தந்தால் 320 × 200 திரையில் நான்கு வண்ணங்கள், மீண்டும் அதே 16,000 பைட். 16,384 பைட்டில் 384 மட்டுமே மீதம். அக்கால விளையாட்டுகளில் மறுபடி மறுபடி தோன்றும் வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்ற நால்வண்ணக் கூட்டம் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது.

மூன்றாவது தடை அவ்வளவாகப் பேசப்படாதது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். திரையின் வரிகளை எண்ணி, எந்த நேரத்தில் எந்த முகவரியிலுள்ள பைட்டைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் வேலையை மோட்டரோலா 6845 என்ற சில்லு செய்தது. அது எழுத்துத் திரைகளுக்காக உருவானது. அதன் கண்ணில் திரை என்பது எழுத்து வரிசைகளின் அடுக்கு. ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை மின்வரிகள், அதாவது கற்றை ஓடும் வரிகள், என்று சொன்னால் போதும். வரிசைகளை எண்ணும் அதன் பதிவகத்தில், அதாவது எண்ணைத் தேக்கிவைக்கும் சிறு இடத்தில், ஏழு பிட்கள் மட்டுமே இருந்தன. அதாவது 128 வரிசைகளுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 25 வரிசை எழுத்துகளுக்கு அது தாராளம். ஆனால் வரைகலையில் ஒவ்வொரு மின்வரியும் தனித்தனி என்பதால், 200 வரிகளை 200 வரிசைகளாக எண்ண அதனால் இயலாது.

ஐபிஎம் பொறியாளர்கள் இரண்டு மின்வரிகளை ஒரு வரிசையாகக் கொண்டு 100 வரிசைகள் என்று அந்தச் சில்லிடம் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத வரிகளையும் சேர்த்து மொத்தம் 262 வர வேண்டுமே? சில்லால் எண்ணக்கூடிய உச்சமான 128 வரிசைகளையும் பயன்படுத்தினால் 256. மீதமுள்ள ஆறு வரிகளை, நுண்திருத்தத்துக்கென்று இருந்த வேறொரு பதிவகத்தில் எழுதினார்கள். விளிம்புவரை இழுத்துக் கட்டிய கணக்கு இது. இதன் விளைவைப் பிற்பாடு நிரல் எழுதியவர்கள் எல்லோரும் சுமந்தார்கள்: திரையின் இரட்டைப்படை வரிகள் நினைவகத்தின் முதல் 8 கிலோபைட்டிலும், ஒற்றைப்படை வரிகள் அடுத்த 8 கிலோபைட்டிலும் பிரிந்து கிடந்தன. நேர்கீழாக ஒரு கோடு வரைய வேண்டுமென்றாலும் நிரல் இரண்டு பகுதிகளுக்கும் இடையே மாறி மாறித் தாவ வேண்டியிருந்தது.

சிஜிஏவின் 80 எழுத்து அகலத் திரையில் எழுதும்போது வெண்புள்ளிகள் பனி கொட்டுவதுபோல் சிதறும். அதைப் பயனர்கள் பனி என்றே அழைத்தார்கள். அது நான்காவது தடையான நினைவகத்தின் வேகம் பற்றிய பாடம். வரைகலை முறையில் எட்டுப் புள்ளி நேரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 560 நானோநொடிக்கு, ஒரு பைட் படித்தால் போதும். 80 எழுத்து முறையில் அதே நேரத்தில் எழுத்துக்கு ஒன்றும் அதன் வண்ணத்துக்கு ஒன்றுமாக இரண்டு பைட்கள் வேண்டும். அக்கால நினைவகச் சில்லுகளுக்கு அதற்கே முழு நேரமும் போய்விட்டது. செயலி எழுத வந்தால் அதற்கென்று இடைவெளி ஏதும் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால் செயலிக்கே வழிவிடப்பட்டது. திரைக்கு வேண்டிய பைட்டுக்குப் பதில் தற்செயலாக அங்கிருந்த மதிப்பு புள்ளிகளாகத் தெறித்தது. கற்றை திரும்பும் அந்தச் சிறு இடைவேளைவரை காத்திருந்து எழுதிய நிரல்களில் பனி இல்லை, ஆனால் அவை மெதுவாக நகர்ந்தன. நினைவகம் இரண்டு மடங்காக இருந்திருந்தாலும் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது 348க்கு வருவோம். அதே 1981இல் ஐபிஎம் அலுவலகங்களுக்கென்று எம்டிஏ என்ற ஒற்றை வண்ண அட்டையையும் விற்றது. அது தொலைக்காட்சியோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குரிய பச்சைத் திரை மானிட்டர் நொடிக்கு 18,432 வரிகள் ஓடியது. திரையை நொடிக்கு 50 முறை மட்டுமே புதுப்பித்து, அதனால் கூடுதல் வரிகளைச் சம்பாதித்தது. மெதுவாக மங்கும் பாஸ்பர் பூச்சு இருந்ததால் அந்த 50 கண்ணை உறுத்தவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் 9 × 14 புள்ளிகள் என்ற கணக்கில் 720 × 350 புள்ளிகள் கிடைத்தன. எழுத்துகள் அச்சுப்போல் துலங்கின. ஆனால் அட்டையில் 4 கிலோபைட் நினைவகமே இருந்ததால் தனிப்புள்ளிகளை வைக்க வழியே இல்லை. எழுத்து வடிவங்கள் மாற்ற முடியாத சில்லில் பதிந்திருந்தன. இவ்வளவு கூர்மையான மானிட்டர் எழுத்துகளை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

1982இல் வான் சுவன்னுகுல் உருவாக்கிய ஹெர்குலிஸ் அட்டை இந்த மானிட்டரின் முழுத் திறனையும் வரைகலைக்குத் திறந்துவிட்டது. தாய்லாந்தைச் சேர்ந்த அவர் தம் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் கணினியில் எழுத விரும்பினார் என்பதே அதன் தொடக்கம். எம்டிஏவில் எழுத்து வடிவங்களை மாற்ற முடியாது. சிஜிஏவின் 200 வரிகளில் தாய் எழுத்தின் மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் அடங்கா. எனவே எம்டிஏ மானிட்டரில் ஒவ்வொரு புள்ளியையும் தனியாக ஏற்றி இறக்கும் அட்டை அவருக்குத் தேவைப்பட்டது. அட்டையில் 64 கிலோபைட் நினைவகம் வைத்தார். ஆனால் எண்ணியவர் அதே 6845. 350 வரிகளை இரண்டிரண்டாகக் கட்டினால் 175 வரிசைகள், 128ஐத் தாண்டிவிடுகிறது. முகவரிக் கம்பிகள் இரண்டின் மடங்குகளாகத்தான் பெருகும் என்பதால் அடுத்த வாய்ப்பு நான்கு நான்காகக் கட்டுவது. 350 நான்கால் மீதமின்றி வகுபடாது; 348 வகுபடும். 87 வரிசைகள், வரிசைக்கு நான்கு வரிகள், வரிக்கு 90 பைட். நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் 7,830 பைட் ஆகி, 8 கிலோபைட் எல்லைக்குள் அது அடங்கிவிடுகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரல் இந்த அட்டையை ஆதரித்ததும், எண்களையும் வரைபடங்களையும் ஒரே திரையில் பார்க்க விரும்பிய அலுவலகங்கள் அதைத் தேடி வாங்கின.

தாய் எழுத்துக்கு நேர்ந்த இடர்ப்பாடு தமிழுக்கும் உரியதே. 8 × 8 கட்டத்தில் எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி இடைவெளி விட்டால் ஏழு புள்ளி அகலமே மிச்சம். அதற்குள் மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் குழப்பமின்றி வேறுபடுத்துவதே கடினம். அதன்மேல் இகர ஈகாரக் கொக்கிகளும் புள்ளியும் ஏற வேண்டும். ஆங்கிலத்துக்குப் போதுமானதாக இருந்த கட்டம் இந்திய எழுத்துகளுக்குப் போதவில்லை என்பதால்தான், ஐஐடி கான்பூரில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் தொழில்நுட்பம் தனியொரு அட்டையாகவே கணினிக்குள் செருகப்பட்டது. திரைத் தெளிவு என்பது படத்தின் அழகைப் பற்றிய கேள்வி மட்டுமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு மொழியைக் கணினியில் எழுத முடியுமா என்பதையும் அது தீர்மானித்தது.

1984இல் வந்த ஈஜிஏ அட்டையில் ஐபிஎம் 6845ஐக் கைவிட்டுத் தன் சொந்தச் சில்லுகளை வைத்தது. வரிகளை எண்ணும் பதிவகத்துக்கு ஒன்பதாவது பிட் கிடைத்ததால் எண்ணிக்கைத் தடை 512 வரை விலகியது. ஒவ்வொரு வரியையும் இனித் தனியாக எண்ணலாம். புதிய மானிட்டர் நொடிக்கு 21,850 வரிகள் ஓடி, 60 முறை வீதம் 350 வரிகளைக் காட்டியது. ஆனால் இம்முறை குறுகியது நினைவகம். 640 × 350 திரையில் 16 வண்ணங்களுக்கு 1,12,000 பைட் வேண்டும். ஐபிஎம் விற்ற அடிப்படை அட்டையிலோ 64 கிலோபைட்தான். எனவே அந்த அட்டையை மட்டும் வாங்கியவருக்கு 640 × 350 திரையில் நான்கு வண்ணங்களே கிடைத்தன. விளம்பரத்தில் கண்ட பதினாறுக்கு விரிவாக்க நினைவகம் தனியே வாங்க வேண்டியிருந்தது.

ஈஜிஏவின் நினைவகம் நான்கு தளங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது: ஒரு புள்ளியின் நான்கு பிட்களும் நான்கு தளங்களில் ஒரே முகவரியில் இருக்கும். நிரலாளர்கள் இதைச் சிக்கலானது என்று நொந்துகொண்டார்கள், சிக்கலானதுதான். ஆனால் அதன் நோக்கம் தெளிவானது. நான்கு தளங்களையும் ஒரே கணத்தில் படித்தால், மெதுவான மலிவுச் சில்லுகளிலிருந்தே நான்கு மடங்கு வேகம் கிடைக்கும். செயலிக்கு நான்கு தளங்களும் ஒரே முகவரியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்ததால், சாளரத்தின் இடமும் மிச்சமானது.

அந்தச் சாளரம்தான் ஐந்தாவது தடை. முதல் தனிக் கணினியின் 8088 செயலியால் ஒரு மெகாபைட் முகவரிகளையே தொட முடிந்தது. அதில் 640 கிலோபைட் நிரல்களுக்கு. அதற்கு மேலே 128 கிலோபைட் திரைக்கென்று ஒதுக்கப்பட்டது. அதிலும் செயலி ஒரு நேரத்தில் 64 கிலோபைட் துண்டு ஒன்றையே எளிதாகக் கையாளும். அட்டையில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் நிரல் அதைப் பார்ப்பது இந்த 64 கிலோபைட் சாளரத்தின் வழியாகத்தான்.

1987 ஏப்ரலில் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளுடன் வந்த விஜிஏவில் இந்தச் சாளரத்தின் தடம் அப்படியே பதிந்திருக்கிறது. அதில் 256 கிலோபைட் நினைவகம் இருந்தது. மானிட்டர் தொலைக்காட்சியின் இருமடங்கான 31,469 வரிகள் ஓடியது. புள்ளிகளுக்கு நேரம் குறிக்கும் கடிகாரத் துடிப்பு 25.175 மெகாஹெர்ட்ஸ், வரிக்கு 800 புள்ளி நேரம், திரைக்கு 525 வரிகள். கழிவு போக 640 × 480 மிஞ்சியது. 4:3 திரையில் சதுரப் புள்ளிகள். 16 வண்ணங்களில் அதற்கு 1,53,600 பைட் ஆனாலும், தளத்துக்கு 38,400 பைட்தான் என்பதால் சாளரத்துக்குள் அடங்கியது.

விளையாட்டு எழுதியவர்கள் விரும்பியது அதையல்ல, 256 வண்ணங்கள் கொண்ட 320 × 200 முறையை. புள்ளிக்கு ஒரு பைட், மொத்தம் 64,000 பைட், சாளரத்துக்குள் ஒரே நீட்டாக அடங்கும் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் இந்த எளிமையைத் தருவதற்காக அட்டை தன் நினைவகத்தில் நான்கில் மூன்று பங்கைப் பயன்படாமல் விட்டது. தளங்களை மீண்டும் தனித்தனியாகப் பிரித்தால் அந்த நினைவகம் முழுவதும் கைக்கு வரும், 76,800 பைட் தேவைப்படும் 320 × 240 திரையையும் வரையலாம் என்பதை 1991இல் நிரலாளர் மைக்கேல் ஆப்ராஷ் தம் இதழ்க் கட்டுரைகளில் விளக்கி, அதற்கு மோட் எக்ஸ் என்று பெயரிட்டார். ஐபிஎம் கையேட்டில் இல்லாத இந்த முறைக்கு அட்டையில் ஒரு கம்பியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

விஜிஏவைப் பிற நிறுவனங்கள் நகலெடுக்கத் தொடங்கியதும், அதே 256 கிலோபைட்டில் இன்னும் எவ்வளவு பிழியலாம் என்ற போட்டி பிறந்தது. விடை 800 × 600. 16 வண்ணங்களில் அதற்கு 2,40,000 பைட். அட்டையில் இருப்பதோ 2,62,144. தளத்துக்கு 60,000 பைட், சாளரமோ 65,536. இரண்டு எல்லைகளுக்குள்ளும் ஒருசேர அடங்கிய கடைசிப் பெரிய அளவு இதுதான். 1024 × 768க்குப் போனால் தளத்துக்கு 98,304 பைட் ஆகி, சாளரம் போதாமல் நினைவகத்தைத் துண்டு துண்டாகச் சாளரத்துக்குள் நகர்த்திக் காட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தன் வழியில் செய்ததால் ஒரு அட்டைக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடவில்லை. 1988இல் ஜப்பானிய நிறுவனமான என்இசி முன்னின்று அறிவித்த வெசா கூட்டமைப்பு இந்தக் குழப்பத்துக்குப் பொது விதி வகுக்கவே தோன்றியது. 1994இல் அதன் விதிகளின் இரண்டாம் பதிப்பு, 32 பிட் செயலிகள் திரை நினைவகம் முழுவதையும் ஒரே நீட்டாகப் பார்க்க வழிசெய்தபோதுதான் அந்த 64 கிலோபைட் சாளரம் விலகியது.

அதற்குள் மற்ற தடைகள் பெரும்பாலும் தளர்ந்திருந்தன. எண்ணும் பதிவகங்கள் விரிந்தன; 1024 × 768 திரையில் 256 வண்ணங்களுக்கு வேண்டிய 7,86,432 பைட்டை அடக்கும் ஒரு மெகாபைட் அட்டைகள் சாதாரணமாயின. நெடுநாள் அசையாமல் நின்றது முதலில் சொன்ன மின்கற்றைதான். 1980களின் பிற்பகுதியில் பலர் வைத்திருந்த பல அலைவரிசை மானிட்டர்கள் நொடிக்கு ஏறத்தாழ 35,000 வரிகளோடு நின்றுவிட்டன. வெசாவின் முதல் 800 × 600 வரையறை 60க்குப் பதில் 56 முறை மட்டும் திரையைப் புதுப்பித்ததற்கு இதுவே காரணம்: 625 வரிகளை 56.25ஆல் பெருக்கினால் 35,156. 60 முறை வேண்டுமென்றால் ஏறத்தாழ 37,900 வரிகள் ஓடும் மானிட்டர் வேண்டும். ஐபிஎம்மின் 8514/ஏ அட்டை 1987இலேயே 1024 × 768 காட்டியதும் அதே 35,500 வரிகளுக்குள்தான். அதற்காக அது தொலைக்காட்சியின் பழைய வழிக்கே திரும்பி, ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் வரைந்தது. முழுப் படம் நொடிக்கு 43.5 முறை மட்டுமே நிறைவானது. வெள்ளைத் திரையில் மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கின.